மறுதலைக் கேள்வி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எனக்குப் பொள்ளாச்சி முதியோர் இல்லம். எட்டரை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். அதற்குள் தாங்கி எந்திரங்கள் கட்டில் கட்டிலாகப் போய் எல்லாரையும் நிமிர்த்தி உட்காரவைத்து, முகம் துடைத்து, இட்லி ஊட்டி முடித்திருக்கும். வெறும் வயிற்றில் எடுத்த அளவு செல்லாது என்பது விதி. நான் முனைப்புமானியைப் பையிலிருந்து எடுத்து முதல் கட்டிலின் பக்கப்பலகையில் மாட்டுவேன். பார்க்கப் பழைய டார்ச் லைட் மாதிரி இருக்கும். குரல், கண்மணி விரிவது, மணிக்கட்டுப் பட்டையிலிருந்து வரும் நாடித்துடிப்பு மூன்றையும் படித்து, கேள்விக்கு ஓர் எண்ணும், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிட முடிவில் அவற்றின் சராசரியாக மொத்த எண்ணும் தரும்.

அன்றைக்கு முதல் கட்டிலில் சுகந்தி என்ற அம்மாள். எழுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் அழகு நிலையம் நடத்தியவர். இன்றும் உதட்டுச் சாயம் இல்லாமல் ஆள் முன்னால் வரமாட்டார்.

"அம்மா, இன்னொரு கோப்பை காபி வேண்டுமா?" என்று கேட்டேன். எல்லாருக்கும் முதல் கேள்வி இதுதான். எழுத்தில் உள்ளபடியே கேட்க வேண்டும்.

"அய்யோ, வேண்டாமுங்க. இப்பத்தானுங்க குடிச்சேன்."

வாய் அப்படிச் சொன்னது. கண் என் பின்னால் இருந்த பிளாஸ்கின் மேல் இருந்தது. ஆனால் 'வேண்டாம்' என்ற சொல் வந்துவிட்டால் மானி கண்ணைப் பார்ப்பதை நிறுத்திக்கொள்ளும். கண்ணும் நாடியும், 'வேண்டும்' என்று சொல்பவர் பொய் சொல்கிறாரா என்று சோதிக்கத்தான். வேண்டாம் என்று யாராவது பொய் சொல்வார்களா என்ன? இருபத்திரண்டு என்று விழுந்தது. குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அப்படிப் போவது எனக்குப் பழக்கம். அந்த வாரம் மட்டும் குறித்த எண்ணை இன்னொரு தரம் பார்த்தேன். வியாழக்கிழமை கோவையில் என் அப்பாவுக்கு மூன்றாவது அளவு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நெடும்பராமரிப்புச் சட்டம் வந்தபோது, மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். தூக்க, துடைக்க, ஊட்ட எந்திரம் போதும். விழுந்தவரை மறுபடி நடக்கவைக்கவும் பேச்சு போனவரைப் பேசவைக்கவும் மனிதக் கை வேண்டும். அந்தக் கைகள் குறைவு. ஆகவே, முயற்சி செய்யக்கூடியவர்களுக்கு மனித நேரத்தைக் கொடுப்போம் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மொத்த எண் நாற்பதுக்கு மேல் இருந்தால் மனித நேரம். தொடர்ந்து மூன்று மாதம் நாற்பதுக்குக் கீழே வந்தால் ஓய்வு நிலை. ஓய்வு நிலையில் பயிற்சி கிடையாது, அறுவை சிகிச்சை கிடையாது, சளி நெஞ்சில் கட்டினால் அதற்கு மருந்து கிடையாது. அமைதி மருந்து மட்டும் உண்டு. விருப்பம் இல்லாதவரைத் தொந்தரவு செய்யாமல் அவருடைய விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்று பராமரிப்பு வாரியத்தின் ஆணையில் எழுதியிருக்கிறது. அந்த நிலைக்குப் போனவர்கள் சராசரியாக ஏழு மாதம் உயிரோடு இருக்கிறார்கள்.

மானிக்குத் தமிழ்க் கேள்விகள் எழுதிய குழுவில் நான் இருந்தேன். பெயர் நறுமுகை, ஆய்வறிக்கையில் இரண்டாவதாக வரும். அறுநூற்றுப் பன்னிரண்டு முதியவர்களை நேரில் கண்டு சோதித்தோம். 'நடக்கோணும்' என்றால் 'நடக்க வேண்டும்' என்று அந்த எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து எண்கள் மட்டும் ஒரே சீராகத் தரையில் கிடந்தன. ஏன் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், காபி குடிக்கிறீர்களா என்று கேட்டதும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்ட பிறகுதான் டம்ளரைக் கையில் வாங்குவது. முதல் தரத்திலேயே வாங்கிக்கொள்கிறவனை வளர்த்த விதம் சரியில்லை என்பார்கள்.

இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று முறை கேட்டால் ஆளுக்கு நாற்பது நிமிடம் ஆகும். வாரியம் பன்னிரண்டுதான் தரும் என்றார். "அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுடும்மா" என்றார். போட்டேன். 'மேற்கு மாவட்டங்களில் சிறு பண்பாட்டு வேறுபாடு காணப்படுகிறது, பொருட்படுத்தத் தக்கதன்று.' அந்த வரியை எழுதியவள் நான். அடியில் கையெழுத்தும் போட்டேன்.

அப்பா பெயர் தாமோதரன், வயது எண்பத்தொன்று. சரவணம்பட்டியில் முப்பது வருடம் மென்பொருள் சோதகராக இருந்தவர். ஒரு திரையைக் கொடுத்தால் அதில் எது உடையும் என்று மூக்காலேயே கண்டுபிடிப்பார். மார்ச்சில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. தொண்ணூறு மணி நேர நடைப்பயிற்சி கிடைத்தால் ஊன்றுகோலோடு நடப்பார் என்று மருத்துவர் சொன்னார். நான்கு மாதத்துக்குள் தொடங்க வேண்டும், இல்லையென்றால் தசை போய்விடும். ஏப்ரல் அளவு முப்பத்தொன்று. மே அளவு முப்பத்து நான்கு. இரண்டு முறையும் முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நான் கேட்காமலே சொல்வேன்.

என் போன்ற அளவர்கள் சொந்தக்காரரை அளக்கக் கூடாது. சொந்தக்காரருக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. பிடிபட்டால் உரிமம் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து நேராக அப்பாவின் இல்லத்துக்குப் போனேன். பையில் மானி இருந்தது.

இரண்டு கட்டில் உள்ள அறை. பக்கத்துக் கட்டிலில் லோகநாதன் என்பவர், எண்பத்து மூன்று வயது, பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தவர். திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் இருந்தவராம். அவருக்கும் இரண்டு அளவுகள் கீழே. அந்த நேரம் அவரைத் தாங்கி எந்திரம் சாயங்கால வெயில் காய வெளியே கொண்டுபோயிருந்தது. அப்பா கட்டிலின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்த நிலையில், நெற்றியெல்லாம் வியர்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. சும்மா." மெல்ல உட்கார்ந்தார். "நேத்து பதினெட்டு எண்ணற வரைக்கும் நின்னேன். இன்னைக்கு இருபத்தாறு."

சுவரில் இருந்த திரையைப் பார்த்தேன். மணிக்கட்டுப் பட்டை அதைப் பதிவு செய்திருந்தது: 'மாலை அமைதியின்மை. கண்காணிக்கவும்.' எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண் எதற்கு, நாற்பது எதற்கு, மூன்றாவதும் கீழே போனால் என்ன ஆகும் என்று. அவர் முகம் மாறாமல் கேட்டார். எழுந்து நடமாடிய காலத்தில் நான் வேலையைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் கேட்பார்.

"அந்த நம்பருக்குப் பேரு என்னன்னு சொன்ன?"

"தன்முனைப்பு எண்."

"பேரு வெச்சாங்க பாரு. தன்முனைப்பு இருக்கக்கூடாதுன்னுதான எங்களையெல்லாம் அடிச்சு வளர்த்தாங்க? எண்பது வயசுல அது எவ்வளவு இருக்குதுன்னு அளக்கறீங்க."

"அது வேற தன்முனைப்பு, இது வேறப்பா."

"வேறயா இருந்தா வேற வார்த்தை போட்டிருக்கோணும்." தாடையைத் தடவினார். "வேண்டாம்னு சொன்னா கண்ணைப் பாக்காதா அது?"

"பாக்காது."

"அப்ப இது தெரியாம வந்த பக் இல்ல அம்மிணி. டிசைனே இப்படித்தான். நெறையப் பேரு வேண்டாம்னு சொன்னாத்தான் அவங்களுக்கு வண்டி ஓடும்."

பதினோரு ஆண்டுகளில் எங்கள் குழுவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மானியை எதுவும் பதியாத பயிற்சி நிலையில் வைத்துப் பலகையில் மாட்டினேன்.

"இன்னொரு கோப்பை காபி வேண்டுமா?"

"வேண்டா..." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "வேணுங்க."

பதினெட்டு. வாய் கூசுவதை மானி பொய் என்று படித்தது. மறுபடி கேட்டேன். மறுபடி. ஏழாவது தரம் வரைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்போது நான் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, மகளாகக் கேட்டேன்.

"அப்பா, நடந்து எங்க போகணும் உங்களுக்கு?"

"எங்கயும் போக வேண்டாம். அந்தா இருக்குதே, அங்க போனாப் போதும்." கழிவறைக் கதவைக் காட்டினார். "தெனமும் அந்த மிசினு என்னைத் தூக்கிட்டுப் போயி உக்கார வெச்சு, முடிஞ்சதும் கழுவி உட்டுத் தூக்கிட்டு வருது. கதவு தொறந்தே கெடக்குது. நானே எந்திரிச்சுப் போகோணும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கோணும். உள்ள கொஞ்ச நேரம் தனியா உக்காந்திருக்கோணும். அவ்வளவுதான்."

மானியை நான் அணைத்திருக்கவில்லை. எழுபத்து நான்கு காட்டியது.

அதற்குப் பிறகு வழி தெரிந்துவிட்டது. எந்தக் கேள்வி வந்தாலும் அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்றேன். புதன்கிழமையும் போனேன். காபிக்கு ஐம்பத்தெட்டு, பயிற்சிக்கு எழுபது. கடைசியாக வரும் மறுதலைக் கேள்வியையும் பழக்கினேன். அது, முன்னால் சொன்னதெல்லாம் உறுதியா என்று தலைகீழாகத் திருப்பிக் கேட்டுப் பார்ப்பது. அதில் தவறினால் மொத்த எண்ணில் பாதி போய்விடும்.

"இந்த நேரத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பீர்களா?"

"மாட்டனுங்க. எனக்கு வேணுங்க."

பத்துத் தரம் கேட்டேன். பத்துத் தரமும் கல் மாதிரி நின்றார். வேறொருவர் என்று சொன்னால் யாருடைய முகமும் மனதில் வருவதில்லை; மறுப்பது சுலபம். கிளம்பும்போது அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டேன். "நாளைக்கு நீ பயப்படாத. நான் எத்தனை சாப்ட்வேர் ரிலீஸ் பாத்தவன்" என்றார். வருகிற வழியெல்லாம் எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை அளவெடுக்க வந்தவன் அகரன். முன்பு என்னிடம் பயிற்சி பெற்றவன், நல்ல பையன், ஈரோட்டுக்காரன். பக்கத்தில் ஆள் இருந்தால் அப்பா வாய் திறக்கமாட்டார் என்று சொல்லி, அளவைத் தனி அறையில் வைக்க முன்பே எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். உறவினர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கேட்கலாம். பேசக் கூடாது.

"இன்னொரு கோப்பை காபி வேண்டுமா?"

"வேணுங்க."

ஐம்பத்தேழு. அகரன் நிமிர்ந்து பார்த்தான். எங்கள் பக்கத்து முதியவர் ஒருவர் முதல் கேள்விக்கே அப்படிச் சொல்லி அவன் கேட்டிருக்கமாட்டான்.

"காலையில் எழுந்ததும் இன்று ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா?"

"தோணுதுங்க. நடக்கோணும்னு தோணுது."

அறுபத்தாறு. அடுத்தது அறுபத்து மூன்று. பயிற்சியில் வலி இருக்கும், அப்போதும் வேண்டுமா என்று கேட்டதற்கு, வலிச்சா வலிக்கட்டுமுங்க என்றார். எழுபத்தொன்று. நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். இனி ஒரே ஒரு கேள்வி. அகரன் திரையைப் பார்த்தான். அவன் வாசிப்பதற்கு முன் ஒரு நொடி தயங்கியதை நான் கவனித்தேன்.

"இந்தத் தொண்ணூறு மணி நேரத்தை உங்கள் அறைத்தோழர் லோகநாதனுக்கு விட்டுக்கொடுப்பீர்களா?"

அப்பாவின் முகத்தில் அதுவரை இருந்த இறுக்கம் கழன்றது. தேர்வு முடிந்துவிட்டது, இனி பேச்சு என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்கு அப்படியே தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தால் எப்படி ஒரு சிரிப்பு வருமோ அப்படிச் சிரித்தார்.

"அட, அதுக்கென்னுங்க. தாராளமாக் குடுங்க. பாவம், அவரு மொதல்ல நடக்கட்டும். நான் பொறவு பாத்துக்கறேன்."

மானி கண்ணைப் பார்ப்பதை நிறுத்தியது. மொத்த எண் பாதியாகி முப்பத்திரண்டில் நின்றது.

அகரன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். இன்னொரு தரம் கேட்டால் அப்பா சுதாரித்துக்கொள்வார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் மானி அந்த அளவையே செல்லாததாக்கிப் பூஜ்யத்தைப் பதியும். கையேட்டில் அந்த விதி இருக்கிறது. அவன் தலை குனிந்துகொண்டான். "முடிஞ்சுதுங்கய்யா" என்று அப்பாவிடம் சொன்னான்.

நடைக்கூடத்தில் அவனைப் பிடித்தேன். "பேரு எப்படி வந்துச்சு? வேறொருவர்னுதான இருக்கும்?"

"இந்த மாசத்துல இருந்து புதுப் பதிப்புங்கக்கா. எந்திரமே பக்கத்துக் கட்டில் பேரை எடுத்துப் போட்டுக்குது. பொள்ளாச்சிக்கு அடுத்த வாரம் வரும்னாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "உங்க அறிக்கையில இருந்துதான் எடுத்ததா சுற்றறிக்கையில போட்டிருக்காங்க."

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'மேலும் ஆய்வுக்கு' என்று ஒரு பத்தி எழுதும் வழக்கம் உண்டு. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதுகிற பத்தி. பக்கம் குறைகிறது, ஏதாவது சேர்த்துவிடு என்று பேராசிரியர் சொன்னதற்காக அதில் நான்கு வரி எழுதினேன். நான்காவது வரி எனக்கு நினைவிருக்கிறது. 'மறுதலைக் கேள்வியில் அறிமுகமான ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடையின் துல்லியம் கூடலாம்.'

அரை மணி நேரத்தில் லோகநாதனையும் அளந்து முடித்தார்கள். அவரும் நாற்பதுக்குக் கீழே. அதை அகரன் சொல்லக் கூடாது, சொன்னான். "உங்க அப்பா பேரைச் சொல்லிக் கேட்டேனுங்க. மொதல்ல தாமோதரன் சாருக்குக் குடுங்கன்னாரு." தொண்ணூறு மணி நேரம் இருவரில் ஒருவருக்கும் போகவில்லை. வாரியத்தின் பொதுக் கணக்கில் மீதம் என்று போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஆண்டும் எங்கள் மூன்று மாவட்டங்களில்தான் மீதம் அதிகம். ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு தலைப்பு உண்டு: 'முதியோர் மனநிறைவில் மேற்கு மண்டலம் முதலிடம்.' அதைப் பல வருடங்களாக நானும் படித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு தடவையும் உறுத்தவில்லை.

மேல்முறையீடு செய்ய இடம் இருக்கிறதா என்று கைப்பேசியில் தேடினேன். 'உறவினரின் ஆசை, முதியவரின் விருப்பம் ஆகாது' என்று விதி ஒரே வரியில் மறுத்திருந்தது. ஒத்திகை பார்த்ததைச் சொல்லி அளவை ரத்து செய்யச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். முறைகேடு நடந்த அளவும் பூஜ்யம்தான். எல்லா ஓட்டையையும் நாங்கள் நன்றாக அடைத்து வைத்திருந்தோம்.

எண் முதியவர்களிடம் சொல்லப்படுவதில்லை. நான் அறைக்குள் போனபோது தாங்கி எந்திரம் இருவரையும் கட்டிலில் சாய்த்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த முகம்.

"எப்படி அம்மிணி? நல்லாச் சொன்னனா?"

"நல்லாச் சொன்னீங்கப்பா."

"நீ சொன்ன அந்தக் கடைசிக் கேள்வி வரவே இல்லியே. அதுக்குத்தான் பத்துத் தரம் படிச்சு வெச்சிருந்தேன்."

"அது... இந்தத் தடவை எடுத்துட்டாங்க போலப்பா."

"நல்லதாப் போச்சு." தலையணையில் சாய்ந்துகொண்டார். போர்வைக்குள் கால் விரல்களை ஆட்டிப் பார்த்தார். "எப்ப ஆரம்பிக்கறாங்களாம்?"

ஓய்வு நிலை ஆணை அடுத்த வேலை நாளில் நடைமுறைக்கு வராது. மூன்று நாள் இடைவெளி விடுவார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் அமைதி மருந்து. அதைக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

"திங்கக்கெழமைப்பா" என்றேன். "காலைல."

"லோகு, கேட்டீங்களா?" அப்பா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துத் திரும்பினார். "திங்கக்கெழமைல இருந்து நடக்கறோம்."

லோகநாதனின் பாதி முகம் சிரித்தது. அவருக்கு வார்த்தை கோணலாகத்தான் வரும். "நீங்க... மொதல்ல போங்க. நான் நின்னு... பாக்கறேன்."

"அதெப்படிங்க? வயசுல மூத்தவரு நீங்க. நீங்க மொதல்ல."

"இல்லீங்க... நீங்கதான்."

திங்கட்கிழமை யார் முதலில் நடப்பது என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அது முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.